மலையேறும் மிதிவண்டிகளும் மொட்டைமாடி வழக்கும்

(பத்தாம் வகுப்பு மாணவி, தேங்காய்த்திட்டு)



எங்கள் தேங்காய்த்திட்டில் மலை கிடையாது. ஒரு புறம் கழிமுகமும் மீன்பிடித் துறைமுகமும், இன்னொரு புறம் அலையாத்தி மரங்களும், நடுவே எங்கள் வீடுகளும் இருக்கின்றன. புதுச்சேரி நகரை முழுவதும் சுற்றி வந்தாலும் மேடு என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது கோரிமேடுதான். அப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்த நாங்கள், பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் மிதிவண்டிப் பந்தயத்தைப் பற்றி எழுத வந்துவிட்டோமே என்று நீங்கள் நகைக்கலாம். மலையைக் கண்ணால் கண்டவர்களைவிடக் காணாதவர்களே அதைப் பற்றி அதிகம் வாதாடுகிறார்கள் என்பதை நாங்கள் அனுபவத்தில் அறிந்தோம். அந்த வாதம் கடைசியில் எங்கள் மீதே திரும்பிய கதையையும் இங்கே மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

நாங்கள் ஐந்து பேர். ஐவரும் ஒன்றாக மிதிவண்டியில்தான் பள்ளிக்கு வருகிறோம். தேங்காய்த்திட்டிலிருந்து மரப்பாலம், அங்கிருந்து கடலூர் சாலை, முதலியார்பேட்டை வழியாக நகரம். எங்களுள் ஒருத்தியின் தாத்தா பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால் 'சொல்தா' தாத்தா. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. மாலையில் பெத்தாங் குண்டு விளையாட்டு, ஜூலை மாதம் பிறந்துவிட்டால் மிதிவண்டிப் பந்தயம், இவை இரண்டும் அவருக்கு உயிர். அவரால்தான் இந்தப் பித்து எங்களையும் பிடித்தது.

பந்தயம் பிறந்த கதை

'தூர் தெ பிரான்ஸ்' என்றால் பிரான்சைச் சுற்றி வருதல் என்று பொருள். 1903-ஆம் ஆண்டில் 'லோத்தோ' என்னும் விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளத் தொடங்கிய பந்தயம் இது. ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்ச். முதல் பந்தயத்தில் 60 பேர் புறப்பட்டு 21 பேரே முடித்தார்கள். வென்றவர் மொரிஸ் கரேன். அந்தப் பத்திரிகை மஞ்சள் நிறத் தாளில் அச்சானது. ஆகையால், 1919 முதல் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை அணிவிக்கும் வழக்கம் வந்தது.

பந்தயம் ஒரே நாளில் முடிவதன்று. ஆண்கள் பந்தயம் இப்போது 21 கட்டங்களாக, இடையில் ஓய்வு நாள்களுடன், மூன்று வாரங்கள் நடக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒருவர் முதலில் வருவார். ஆனால் அன்றன்று முதலில் வருகிறவருக்கே கோப்பை என்று எண்ணிவிடக் கூடாது. எல்லா நாள்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்து, எவருடைய மொத்த நேரம் மிகக் குறைவோ அவருக்கே மஞ்சள் சட்டை. ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமல் பந்தயத்தையே வெல்ல முடியும். நமது மாதத் தேர்வு மதிப்பெண்களைக் கூட்டி ஆண்டுத் தரவரிசை போடுவது போன்றது இது.

பெண்களுக்கு என்று 1955-இல் ஒரு முறை ஒரு பந்தயம் நடந்து நின்றுபோயிற்று. பிறகு 1984 முதல் 1989 வரை அதே பெயரில் நடந்தது. 1984-இல் அமெரிக்கப் பெண் மரியான் மார்ட்டினும், 1987 முதல் மூன்று ஆண்டுகள் பிரெஞ்சுப் பெண் ழானி லோங்கோவும் வென்றார்கள். அதன்பின் நெடுங்காலம் பெண்களுக்கு அந்தப் பெயரில் பந்தயமே இல்லை. 2022-இல்தான் மீண்டும் முறையாகத் தொடங்கியது. இந்தச் செய்தியைக் கேட்ட அன்று நாங்கள் ஐவரும் தாத்தாவிடம், "அத்தனை வருஷம் பெண்களுக்கு மிதிக்கத் தெரியாமலா இருந்தது?" என்று கேட்டோம். அவர், "மிதிக்கத் தெரிஞ்சுது, கண்ணுங்களா. வழி விடத்தான் யாருக்கும் தெரியல" என்றார்.

மலையில்தான் வழக்கு தீரும்

சமவெளியில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே கூட்டமாகப் போகிறார்கள். அங்கே பெரிய எதிரி காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஒட்டிச் செல்கிறவருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று வீசும்போது முன்னால் போகும் தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியவர்களுக்கு இது புரியும். ஆகவே, சமவெளியில் வலியவரும் எளியவரும் ஒன்றாகவே வந்து சேர்கிறார்கள்.

மலையில் கதை வேறு. வேகம் குறைந்துவிடுவதால் காற்றின் மறைவு அதிகம் உதவாது. அங்கே எதிரி நம் உடலின் எடையேதான். ஆல்ப் துயெஸ் என்னும் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். நீளம் 13.8 கிலோமீட்டர். சராசரிச் சரிவு 8.1 விழுக்காடு. அதாவது, நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டருக்கு மேல் உயர வேண்டும். மொத்தம் 1,100 மீட்டருக்கு மேல் ஏற்றம். உடலையும் வண்டியையும் அத்தனை உயரத்துக்குக் கால்களாலேயே தூக்கிச் செல்வதாகும் இது. எனவே எவருக்கு எடை குறைவாகவும் அந்த எடைக்கு ஏற்ற வலிமை மிகுதியாகவும் இருக்கிறதோ அவரே மலையில் பிரிந்து போவார்.

அந்தப் பாதையில் 21 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கீழிருந்து 21, 20, 19 என்று எண் குறைந்துகொண்டே போகும். நம் கொல்லிமலைப் பாதையில் 70 வளைவுகள் இருக்கின்றனவே, அப்படியானால் அதுதானே பெரிது என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். வளைவு எத்தனை என்பதைவிட, அதற்கு முன் எத்தனை மலைகளைத் தாண்டி வந்தோம் என்பதே முக்கியம் என்று தாத்தா விளக்கினார். நாள் முழுவதும் மிதித்துக் களைத்த பின்னர் வரும் கடைசி மலைதான் மனிதரைச் சோதிக்கும்.

இன்னொன்றும் உண்டு. உடலில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து சில மணி நேர உழைப்பில் தீர்ந்துவிடும். வழியில் உண்ண மறந்தவர், எவ்வளவு பெரிய வீரரானாலும், திடீரென்று கால் ஓயாமலே ஓய்ந்துபோவார். கண் இருளும், கை நடுங்கும். காலை உணவைத் தவிர்த்துவிட்டு வந்து, வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் நம் தோழிகளுக்கும் இது ஒரு பாடம்.

மலைகள் பந்தயத்திற்குள் வந்த நாள் முதலே கதைகள் தொடங்கிவிட்டன. 1910-இல் பிரெனே மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டன. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே அவற்றுள் ஒன்று. 1913-இல் அதே தூர்மலே இறக்கத்தில் எஜேன் கிறிஸ்தோப் என்பவரின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்துவிட்டது. பிறர் உதவியை நாடக் கூடாது என்பது அக்கால விதி. அவர் வண்டியைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து, அடிவார ஊரில் ஒரு கொல்லன் பட்டறையில் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். ஒரு சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்தான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் சேர்க்கப்பட்டது! இதைக் கேட்டபோது நாங்கள் கொதித்துப் போனோம். "விதி விதிதான், ஆனா அந்தப் பையன் செஞ்சதும் சரிதான்" என்றார் தாத்தா. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

இரு கட்சிகள்

நம் அம்மாக்களின் காலத்துக்கு முன்பு எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு அணிகள் இருந்ததைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்தப் பந்தயத்திலும் அப்படியே. இத்தாலி நாடு ஒரு காலத்தில் பார்த்தலி, கோப்பி என்னும் இருவருக்காக இரண்டாகப் பிரிந்து நின்றது. ஜீனோ பார்த்தலி 1938-இலும் 1948-இலும் தூர் தெ பிரான்சை வென்றவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். போர்க்காலத்தில் யூதர்களைக் காப்பாற்றத் தேவையான ஆவணங்களைத் தம் மிதிவண்டிச் சட்டத்துக்குள் மறைத்து எடுத்துச் சென்றவர். அதைப் பற்றி அவர் வெளியில் பேச விரும்பியதில்லை. ஃபாஸ்டோ கோப்பி, ஆல்ப் துயெஸ் மலை முதன்முதலாகப் பந்தயத்தில் சேர்க்கப்பட்ட 1952-இல் அங்கே வென்றவர்.

பிரான்சில் ஆன்கெத்தில் கட்சியும் புலிதோர் கட்சியும் இருந்தன. ஜாக் ஆன்கெத்தில் ஐந்து முறை பந்தயத்தை வென்றவர். கடிகாரம் போலக் கணக்காக ஓட்டுபவர். ரேமோன் புலிதோர் உழவர் வீட்டுப் பிள்ளை. ஒரு முறைகூட வென்றதில்லை. 1964 ஜூலை 12 அன்று புய் தெ தோம் என்னும் எரிமலைக் குன்றில் இருவரும் தோளோடு தோள் உரச ஏறினார்கள். இறுதியில் புலிதோர் முந்தினார். 42 விநாடிகளை மீட்டார். ஆனால் ஆன்கெத்திலுக்கு இன்னும் 14 விநாடிகள் கையிருப்பு இருந்தன. அந்த ஆண்டு பந்தயத்தை அவரே 55 விநாடிகளில் வென்றார். புலிதோர் மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம் பெற்றார். மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூட அணியவில்லை. ஆனாலும் மக்கள் அன்பு அவருக்கே அதிகம் கிடைத்தது. அவர் 2019-இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021-இல், அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மத்தியூ வான்டெர் புல் அந்த மஞ்சள் சட்டையை அணிந்தார். தாத்தாவுக்கு இதைச் சொல்லும்போது இன்றும் குரல் தழுதழுக்கும். அவர் புலிதோர் கட்சி.

ஆல்ப் துயெசில் முதலில் நடந்த 14 முடிவுகளில் எட்டை டச்சு வீரர்கள் வென்றார்கள். அங்கிருந்த கோவிலின் பங்குத் தந்தையும் ஒரு டச்சுக்காரர். தம் நாட்டவர் வென்றால் அவர் ஆலய மணியை அடித்துக் கொண்டாடுவாராம். ஏழாம் எண் வளைவு இன்றும் டச்சு ரசிகர்களின் கோட்டையாக விளங்குகிறது. இத்தாலியில் கிசாலோ குன்றின்மேல் ஒரு மாதா சிற்றாலயம் உள்ளது. அந்த அன்னையை 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மிதிவண்டி ஓட்டுநரின் பாதுகாவலியாக அறிவித்தார். எங்கள் ஐந்து வண்டிகளுக்கும் சேர்த்துத்தான் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

எல்லாம் போற்றத்தக்கதே என்று சொல்லிவிட முடியாது. ஊக்க மருந்து உண்டு வென்றவர்களும் இருந்தார்கள். 1999 முதல் 2005 வரை லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பெற்ற ஏழு பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. ஆகவே ரசிகர்கள் யாரையேனும் புகழும்போது மனத்தின் ஓரத்தில் ஓர் ஐயத்தையும் வைத்துக்கொண்டே புகழ்கிறார்கள்.

ஆகஸ்டு 15, மொட்டைமாடி

இனி எங்கள் கதைக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. பெண்கள் பந்தயம் ஆகஸ்டு 12 முதல் 18 வரை எட்டுக் கட்டங்களாக நடந்தது. முந்திய ஆண்டு வென்ற டச்சுப் பெண் டெமி வோலரிங் மஞ்சள் சட்டையில் இருந்தார். எங்களுள் மூவர் அவர் கட்சி. ஒருத்தி போலந்து நாட்டுக் காஷா நெவியதோமாவின் கட்சி. ஐந்தாமவள் எந்தக் கட்சியும் இல்லை என்று சொல்லிக்கொண்டு எல்லாரையும் கேலி செய்வாள்.

ஆகஸ்டு 15 சுதந்திர நாள். மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவும் அன்றே. காலையில் கொடியேற்றமும் திருப்பலியும் முடிந்தன. மாலையில் தாத்தா வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து, ஒரு கைப்பேசியைச் சுற்றி ஆறு தலைகள் கூடின. அன்று ஐந்தாம் கட்டம். முடிவுக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் இருக்கையில் பலர் மோதி விழுந்தார்கள். வோலரிங்கும் விழுந்தார். எழுந்து வண்டியேறி வலியோடு வந்து சேர்வதற்குள், அன்று முதலில் வந்தவரைவிட 1 நிமிடம் 47 விநாடி பிந்திவிட்டார். மஞ்சள் சட்டை நெவியதோமாவுக்குப் போயிற்று. அன்று முதலில் வந்தவர் யார் தெரியுமா? வோலரிங்கின் அணியைச் சேர்ந்த ஹங்கேரிப் பெண் பிளாங்கா வாஷ்!

மொட்டைமாடி அதிர்ந்தது. "தலைவி கீழே விழுந்து கிடக்க, தன் வெற்றியைப் பார்த்துக்கொண்டு போவதா?" என்றாள் ஒருத்தி. "இதுவா அணி? இதுவா நட்பு?" என்றாள் இன்னொருத்தி. "நானாக இருந்தால் நின்றிருப்பேன்" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

அப்போது, எந்தக் கட்சியும் இல்லாத எங்கள் ஐந்தாம் தோழி மெதுவாகக் கேட்டாள்: "திங்கட்கிழமை மரப்பாலத்துல நீங்க எத்தனை விநாடி நின்னீங்க?"

எங்கள் எவருக்கும் வாய் திறக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை எங்களுக்குக் கணக்கு மாதத் தேர்வு. மரப்பாலம் திருப்பத்தில் அவள் வண்டியின் செயின் கழன்று, சக்கரத்திற்கும் சட்டத்திற்கும் நடுவே சிக்கிக்கொண்டது. "ஏய், நில்லுங்கடி!" என்று அவள் கூப்பிட்டதை நாங்கள் நால்வரும் கேட்டோம். கேட்கவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய்யாகும். முதல் மணி அடித்துவிடுமே என்ற பயம். ஒருத்தி நிற்பாள் என்று மற்றவள் நினைத்தோம். நால்வரும் அப்படியே நினைத்ததால் எவரும் நிற்கவில்லை. அவள் தனியாகக் கிரீஸ் கறை படிந்த கைகளோடு இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். அவளால் பாதித் தேர்வைத்தான் எழுத முடிந்தது. எங்களுள் கணக்கில் அவளே கெட்டிக்காரி. நாங்கள் மன்னிப்பும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

மொட்டைமாடியில் அவளே தொடர்ந்து பேசினாள். "அந்தப் பொண்ணு முன்னாடி போயிட்டிருந்தா. பின்னாடி யார் விழுந்தான்னு அவளுக்குத் தெரிஞ்சுதோ என்னவோ. பந்தயத்துல ஜெயிக்கிறது அவ வேலை. அவளைத் திட்டாதீங்க. உங்களுக்குத் தெரியும், நீங்க ஓடுனது பந்தயமும் இல்ல."

கிறிஸ்தோப்பின் கதையில் விதியும் சரி, சிறுவனும் சரி என்று தாத்தா சொன்னது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பந்தயத்துக்கு ஒரு நியாயம். வழித்துணைக்கு ஒரு நியாயம். ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கக் கூடாது. தாத்தா எதுவும் பேசாமல் கைப்பேசியை அணைத்துவிட்டு, எல்லாருக்கும் காப்பி கொண்டுவரச் சொன்னார். நாங்கள் அன்றிரவே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "சரி, போங்கடி" என்றாள். அதை மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டோம்.

ஆகஸ்டு 18, நான்கு விநாடி

ஞாயிறன்று கடைசிக் கட்டம். சுமார் 150 கிலோமீட்டர். இடையில் 1,924 மீட்டர் உயரக் கிளாந்தோன் கணவாய். முடிவில் ஆல்ப் துயெஸ். வோலரிங் அப்போது நெவியதோமாவைவிட 1 நிமிடம் 15 விநாடி, அதாவது 75 விநாடி, பின்தங்கியிருந்தார்.

கிளாந்தோன் ஏற்றத்தில் வோலரிங் பாய்ந்தார். பாலினா ரோயாக்கர்ஸ் என்னும் இன்னொரு டச்சுப் பெண் மட்டுமே அவரைத் தொற்றிக்கொண்டார். நெவியதோமா பின்னடைந்தார். இரண்டு மலைகளுக்கும் நடுவே பள்ளத்தாக்குச் சாலை. முன்பு சொன்னோமே, சமவெளியில் காற்றே எதிரி என்று. அங்கே வோலரிங்கே பெரும்பாலும் காற்றைக் கிழித்துக்கொண்டு போனார். ரோயாக்கர்ஸ் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் பட்டம் எட்டும் தூரத்தில் இருந்ததால் போட்டியாளருக்கு உதவ அவர் முன்வரவில்லை. நெவியதோமாவின் பக்கமோ வேறு அணிகளைச் சேர்ந்த சிலர் தங்கள் சொந்த இலக்குக்காக வேகமாக ஓட்ட, அவருக்குத் துணை கிடைத்தது. "அவர் பின்னால் ஒளிவது கோழைத்தனம்" என்றது ஒரு கட்சி. "கணக்கு தெரிந்தவர்" என்றது எதிர்க்கட்சி. தாத்தா, "ஆன்கெத்தில் சிரிக்கிறான்" என்றார்.

கடைசி மலையில் இருபத்தொரு வளைவுகளையும் நாங்கள் விரல்விட்டு எண்ணினோம். வோலரிங் முதலில் வந்து சேர்ந்தார். முதலில் வருகிறவருக்குப் பத்து விநாடி சலுகையும் உண்டு. பிறகு எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தோம். நெவியதோமா முகம் கோணி, உடல் முழுதும் ஆட, மிதித்துக்கொண்டே வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது 61 விநாடி கடந்திருந்தது. கணக்குப் போட்டவள் எங்கள் ஐந்தாம் தோழிதான்: 61-உம் 10-உம் சேர்ந்து 71, 75-இலிருந்து 71 போனால் 4. நெவியதோமா 4 விநாடிகளில் வென்றார்! ரோயாக்கர்ஸ் 10 விநாடியில் மூன்றாம் இடம். 1989-இல் ஆண்கள் பந்தயத்தில் கிரெக் லெமாண்ட் 8 விநாடிகளில் லோரான் ஃபின்யோனை வென்றதே அதுவரை மிகச் சிறிய இடைவெளி. அதையும் இது பாதியாக்கிவிட்டது.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் நான்கு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போகலாம். நம் பள்ளித் தாழ்வாரத்தில் இரண்டு வகுப்பறைகளைக் கடக்கும் தூரம். ஒரு வாரம் முழுவதும் மிதித்த பின்னர் இரண்டு வகுப்பறைத் தூரத்தில் ஒருவருக்குப் பட்டம், மற்றவருக்குக் கண்ணீர்!

அன்று எங்கள் வாதம் நள்ளிரவைத் தொட்டது. வலிமை மிக்கவர் வோலரிங்தானே, விழாமல் இருந்திருந்தால் வென்றிருப்பாரே என்றது ஒரு கட்சி. விழாமல் ஓட்டுவதும், விடாமல் துரத்துவதும் வலிமையில் சேர்ந்தவையே என்றது மறு கட்சி. இந்த வழக்கு இன்றும் தீரவில்லை, தீரவும் வேண்டாம். ஆனால் ஒன்று கவனித்தோம். முன்பெல்லாம் "உன் ஆள் மோசம்" என்று கத்திய நாங்கள், இப்போது சரிவு எத்தனை விழுக்காடு, காற்று எந்தத் திசை, துணை யார், கணக்கு என்ன என்று கேட்டு வாதாடினோம். ஒருவரைக் குறை சொல்லும் முன்பு அவர் இருந்த இடத்தில் நின்று பார்ப்பதே நல்ல ரசிகரின் இலக்கணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

பின்னர் நடந்தவை

2025-இல் மாத்லென் கணவாயின் உச்சியில் பிரெஞ்சுப் பெண் போலின் ஃபெரான்-பிரெவோ தனியாக வந்து சேர்ந்து, மறுநாள் பட்டத்தையும் வென்றார். ஆண்கள் பந்தயத்தில் 1985-இல் பெர்னார் இனோ வென்ற பிறகு எந்தப் பிரெஞ்சுக்காரரும் வென்றதில்லை. நாற்பது ஆண்டுகளாக ஆண்கள் கொண்டுவராத பட்டத்தை ஒரு பெண் கொண்டுவந்தார் என்று தாத்தா தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அந்த ஆண்டு வோலரிங் இரண்டாம் இடம், நெவியதோமா மூன்றாம் இடம்.

நம் நாட்டுப் பெண்களின் மலை ஏற்றத்தையும் மறந்துவிடக் கூடாது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்கள் கற்க வேண்டும் என்று ஊக்குவித்தார். கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வண்டியில் வைத்துக்கொண்டு, யாரையும் எதிர்பாராமல் போய்வந்தார்கள். அங்கே மலை இல்லை. ஆனால் ஊர்ப் பேச்சு என்னும் ஏற்றம் இருந்தது. அதன் சரிவு எத்தனை விழுக்காடு என்று எவரும் அளக்கவில்லை.

எங்களைப் பொறுத்தவரை, இப்போது வீட்டை விட்டுப் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுகிறோம். ஐவரும் செயின் மாட்டக் கற்றுக்கொண்டோம். ஒருத்தி பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தி பெடலைச் சுற்றினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்று நாங்கள் நின்றிருந்தால் முதல் மணிக்கே ஐவரும் வந்து சேர்ந்திருப்போம் என்பதை நினைக்கும்போதுதான் வெட்கமாக இருக்கிறது. மரப்பாலம் திருப்பத்தில் ஒருத்தி முறை வைத்துத் திரும்பிப் பார்ப்பாள். ஐந்து வண்டிகளும் தெரிந்தால்தான் கடலூர் சாலையில் ஏறுவோம்.

இந்த ஆண்டு பொதுத் தேர்வு. அதன்பின் ஐவரும் எந்தெந்தப் பள்ளி, எந்தெந்தப் பாடப்பிரிவு என்று பிரிந்துபோகக் கூடும். தேர்வு ஒரு பந்தயம் என்றால் அங்கே அவரவர் வேகத்தில் அவரவர் ஏற வேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூடம் போகும் வழி பந்தயமன்று. தோழியரே, நாளைக் காலையில் உங்களுக்குப் பின்னால் ஒரு குரல் "நில்லுங்கடி" என்று கூப்பிட்டால், தயவுசெய்து நின்று பாருங்கள்.